தலை ஆடியும் மலைப்பாதையும்

மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்காரி கல்யாணம் முடிந்து கொடைக்கானலுக்கே தேன்நிலவு போனால் ஊரில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "மாடி ஏறி எறங்கிட்டு வந்துட்டியாக்கும்" என்றார் எங்கள் தெருமுனை இட்லிக்கடை அக்கா. கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சாலையில், மலை ஏறுகிற காட்ரோட்டைப் பார்த்துக் கார்கள் வரிசை கட்டும். பின்கண்ணாடியில் ஒட்டிய கல்யாணப் பூ இன்னும் உதிராத கார் வந்தால் சிறுவயதில் "ஜோடி போகுது, ஜோடி போகுது" என்று கத்துவோம். மலைக்குப் போகிறவர்களுக்குப் பலாச்சுளையும் வாழைப்பழமும் விற்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். மேலே போய் அறை எடுத்துத் தங்கியவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் விருதுநகர். கொடைக்கானல் என்றால் அவருக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வாந்தி எடுத்துக்கொண்டே போய், வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பிய ஊர். இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும் என்றார். 2025 வைகாசியில் கல்யாணம். அந்த மாதம் முடிவதற்குள் மலை ஏறினோம். அத்தை தடை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டே மட்டும் சொன்னார்: "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? சினிமா பாத்து வந்த வழக்கந்தானே."

மாமியார் சொல்லுக்கு மறுசொல் பேசக்கூடாது என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே அங்கே பேசவில்லை. எங்கள் அப்பத்தாவிடம் போய்க் கேட்டேன்.

அப்பத்தாவுக்குக் கல்யாணம் 1963 வைகாசி. அவளுக்கு வருடம் நினைவில்லை. சீராக வந்த வெண்கலப் பானையின் கழுத்தில் பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக உளி வைத்து வெட்டியிருக்கிறார்: அவளுடைய அப்பா பெயரின் முதல் எழுத்து, அவள் பெயர், மாதம், வருடம். அதைத் தடவிப் பார்த்துத்தான் வருடம் சொல்வாள். பிறந்த ஊர் பெரியகுளம் பக்கம். கல்யாணமான மூன்றாம் நாள் மறுவீடு. அதற்கப்புறம் விருந்து. இந்தப் பக்கத்துப் பெரியப்பா வீடு, அந்தப் பக்கத்து அத்தை வீடு, மச்சான் வீடு என்று ஆனி முழுக்க விருந்து. நடுவில் தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில். அங்கே கதவைத் திறப்பதில்லை. சாத்திய கதவுக்குத்தான் பூசை. புதுப்பெண்ணாகக் கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்ததை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆடிக்குப் பிறந்தவீடு. தீபாவளிக்குப் பிறந்தவீடு. பொங்கலுக்குச் சீர் வந்தது, அதைக் கொண்டு வந்தவர்களோடு மறுபடி ஒரு நடை.

பெரிய ரோட்டில் பஸ் இருந்தது. உள்ளூர்களுக்குக் கூண்டு வண்டி. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். பெண்பிள்ளைகள், முறுக்குத் தகரம், கருப்பட்டிச் சிப்பம், ஒரு வாழைத்தார், எல்லாம் உள்ளே. தாத்தா? அவர் வண்டிக்குப் பின்னால் மச்சினனோடு பேசிக்கொண்டே நடந்து வருவாராம். "ஏன் அப்பத்தா, தாத்தா ஏறி உக்காரலையா?" என்றால் "அடியே, பொண்டாட்டி பக்கத்துல எப்புடி உக்காருவாரு? ஊரு சிரிக்காதா?" ஊர் அன்றைக்கும் சிரிக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் அப்பத்தா விரல் விட்டு எண்ணிக்கொண்டு போகப் போக எனக்கு ஒன்று விளங்கியது. அந்த முதல் வருடத்தில் அவள் போன ஊர்களில் பாதிக்குக்கூட அதற்கப்புறம் அவள் போனதில்லை. பிள்ளை பிறந்தது, மாடு வந்தது, வயல் வந்தது, அடுப்படியைவிட்டு நகர முடியவில்லை. புதுப்பெண்ணின் முதல் வருடம் எப்போதுமே பயண வருடம்தான். பயணம் சினிமாவில் வந்ததில்லை; கூட வருகிற கூட்டம் குறைந்ததுதான் புதுசு. வெள்ளைக்காரர்களிடமும் முதலில் இப்படித்தான் இருந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள வீட்டுப் புதுத்தம்பதி, கல்யாணத்துக்கு வரமுடியாத உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய்வருவார்கள். தோழியோ தங்கையோ துணைக்கு வருவதும் உண்டு. நம்மூர் விருந்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ரயில் வந்த பிறகுதான் அங்கே அது கடற்கரைக்கும் மலைக்கும் இருவர் மட்டும் போகிற பயணமாயிற்று.

இங்கே மலைக்குப் போகிற வழி உண்டானதற்குக் காரணம் காதலே கிடையாது, காய்ச்சல். 1821-இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்து எழுதினார். அதற்கப்புறம் கால் நூற்றாண்டு பெரிதாக யாரும் எட்டிப்பார்க்கவில்லை. மதுரையில் 1834-இல் வந்து இறங்கிய அமெரிக்கப் பாதிரிமார்கள் காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் தங்கள் மனைவிமாரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் போய்த் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரம் தேடிப்போய், 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். நாம் இன்றைக்குக் கைகோத்துக்கொண்டு நடக்கிற ஊர், உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்தவர்கள் கட்டிய ஊர்.

மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான் என்பார்கள். பணி ஓய்வுக்குப் பின்னும் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது. பஸ்ஸில் போகிற எல்லாரும் முதலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் அருவி. 1872-இல் கோக்கர் என்ற பொறியாளர் மலை விளிம்பில் ஒரு நடைபாதை போட்டார். படகு குழாம் 1890-இல் வந்தது. 1932-க்கு அப்புறம்தான் பொதுமக்களும் வாடகைக்குப் படகு எடுக்கலாம் என்றாயிற்று. பெடல் படகில் ஏறி உட்கார்ந்து, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் மிதித்து ஒரே இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தோம். கரையிலிருந்த படகுக்காரர் "தம்பி, பாப்பா சொல்றபடி மிதிங்க" என்று கத்தினார். குடித்தனத்துக்கும் அதுதான் விதி என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவைத்தேன்.

மேலே இருந்த ஊர் இப்படி வளர்ந்தது. ஏறிப்போனவர்கள் எப்படிப் போனார்கள் என்பதுதான் எங்கள் அடிவாரத்துக் கதை. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தபோது அம்மையநாயக்கனூரில் ஸ்டேஷன் வந்தது. இன்றைய கொடைரோடு அதுதான். அங்கே இறங்கி ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் எங்கள் ஊரைத் தாண்டி, பெரியகுளத்துக்கு இந்தப்பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரைக்கும் போகவேண்டும். தோப்பிலிருந்து சுமார் 12 மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைமார்கள் குதிரையில் போவார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில். டோலி என்றால் மூங்கிலில் கட்டிய நாற்காலி. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆள் மாற்றி ஆள் மாற்றி மூச்சிரைக்க ஏறினவர்கள் பெரியகுளம், தேவதானப்பட்டிப் பக்கத்து ஆட்கள். பியானோவும் இரும்புக் கட்டிலும் கண்ணாடிச் சன்னலும் மனிதத் தோளில்தான் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தன. அப்பத்தாவின் தாத்தா தோப்பில் சுமை தூக்கியவர் என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அவருடைய வலது தோளில் காய்ப்பு இருந்ததாம். அதைவிட்டால் அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது. கோக்கருக்கு நடைபாதை இருக்கிறது, லெவிஞ்சுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. டோலி தூக்கியவர்களில் ஒருவருடைய பெயரை நான் எந்தக் கல்லிலும் பார்க்கவில்லை.

வத்தலக்குண்டிலிருந்து போகிற வண்டிப்பாதையை மேஜர் லா என்பவர் 1870-களில் திட்டமிட்டார். வேலை நின்று நின்று நடந்து, 1910-களின் நடுவில்தான் மோட்டார் ஓடுகிற பாதையாயிற்று. அதன் பிறகு தோப்பு வெறிச்சோடியது, எங்கள் ஊருக்கு யோகம் அடித்தது.

அந்தப் பாதை வருவதற்கு முன் பழைய வழியில் ஏறிப்போன ஒரு புதுத்தம்பதியைப் பற்றி மலையில்தான் தெரிந்துகொண்டேன். சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போயிருந்தோம். 1899-இல் சென்னையிலிருந்து மாற்றிக்கொண்டுவந்த ஆய்வுக்கூடம் அது. ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே 1909-இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்: சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பரவி ஓடுகிறது. உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். இது பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி. எனக்குப் பிடித்தது அவருடைய மனைவி மேரியின் சங்கதி.

மேரி ஆக்வொர்த் ஆர் தானாகவே வானத்தைப் படித்தவர். 1896-இல் நார்வேயில் முழுச் சூரிய கிரகணம் பார்க்கப் போன கூட்டத்தில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். கல்யாணம் 1906-இல்தான், அப்போது மேரிக்கு வயது 39. ஜானுக்குக் கொடைக்கானலில் வேலை. கல்யாணமான கையோடு கப்பல் ஏறினார்கள். நேரே இந்தியாவுக்கு வரவில்லை. அமெரிக்கா பக்கம் சுற்றிக்கொண்டு, அங்கே இருந்த வானாய்வுக்கூடங்களையெல்லாம் பார்த்துவிட்டு 1907-இல் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் கடற்கரை பார்ப்பார்கள், இந்த ஜோடி தொலைநோக்கி பார்த்திருக்கிறது. மோட்டார்ப் பாதை இல்லாத காலம். தோப்பு வழியாகத்தான் ஏறியிருப்பார்கள். மலைமேல் உட்கார்ந்து மேரி, கவிஞர் தாந்தேயின் வானவியல் அறிவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி 1914-இல் வெளியிட்டார். சூரியப் பிழம்புகளைப் பற்றிய பெரிய ஆய்வறிக்கை 1917-இல் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வந்தது. 1923 வரை அங்கேயே இருந்தார்கள். ஒரு தேன்நிலவு பதினாறு வருடம் நீண்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லீவு திங்கட்கிழமையோடு முடிகிறது என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். அந்தக் கோயிலைக் கட்டியதும் ஒரு மனைவி. யாழ்ப்பாணத்துத் தமிழர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவத்துக்கு மாறி, லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்ட வெள்ளைக்காரப் பெண்மணி. கணவர் 1930-இல் காலமானார். 1936-இல் அந்த அம்மையார் கொடைக்கானலில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். கோயில் வாசலில் நின்றால் தெளிந்த நாளில் பழனி தெரியும். கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்தவள் ஆனதால் நான் என் பேருக்கு ஒரு அர்ச்சனை வைத்தேன். பிறந்தநாள் தொல்லை அங்கேதான் தொடங்கியது. அதற்கு வருகிறேன்.

தமிழ்க் கணவன் மனைவி இருவர் மட்டும் மலைக்குப் போவது எப்போது வந்தது? ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனால் எது எது நடந்த பிறகு வந்தது என்று சொல்லலாம். சில சாதிகளில் பெண்ணுக்கு வயது வருமுன்பே கல்யாணத்தை முடித்து, பெரியவளாகும்வரை பிறந்தவீட்டிலேயே வைத்திருப்பார்கள். அங்கே தேன்நிலவுக்கு இடம் ஏது? 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வரம்பு போட்டது. 1978-இல் அது 18, 21 ஆயிற்று. மாதச் சம்பளமும் எழுதிக்கொடுத்தால் கிடைக்கிற லீவும் உள்ள மாப்பிள்ளைகள் பெருகினார்கள். வயலை விட்டுவிட்டுப் போகமுடியாத என் தாத்தாவுக்கும் லீவு போட்டுவிட்டுப் போகிற என் அப்பாவுக்கும் நடுவில்தான் இந்த வழக்கம் பிறந்திருக்கிறது. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்து அரசு பஸ் மலை ஏறியது. ஊட்டிக்கு 1908 முதலே பல்சக்கர ரயில் போனாலும், அந்த ஊரும் பெரும்பாலும் துரைமார் ஊராகத்தான் வெகுகாலம் இருந்தது.

சினிமாவுக்கும் பங்கு உண்டு, அத்தை சொன்னதை முழுக்கத் தள்ளமுடியாது. ஸ்ரீதர் எடுத்த தேன் நிலவு 1961-இல் வந்தது. ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் காஷ்மீர் ஏரியில் படகில் போவதை அப்பத்தாவே பெரியகுளத்துக் கொட்டகையில் பார்த்திருக்கிறாள். கதைப்படி அந்தப் படத்தில் தேன்நிலவு போகிறவர் கதாநாயகியின் அப்பா. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஏரி, படகு, பனி, இருவர்: அதுதான் மனசில் தங்கியது.

என் அம்மாவும் அப்பாவும் 1990-களில் கொடைக்கானல் போனது ஒரு நாள் பயணம். வாடகை வேன். சித்தி, மாமா, பெரியம்மா பிள்ளைகள், புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய். அன்றைக்குப் படச்சுருளில் எடுத்த படங்கள் இன்னும் ஆல்பத்தில் ஒட்டியிருக்கின்றன. எல்லாவற்றிலும் கூட்டம். ஒரே ஒரு படத்தில்தான் அவர்கள் இருவர் மட்டும். கோக்கர் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதிலும் ஓரத்தில் மாமாவின் முழங்கை தெரிகிறது. தேன்நிலவு தமிழ்நாட்டுக்குள் வந்த வழியை இந்த ஒரு படத்திலேயே பார்த்துவிடலாம். முதலில் கூட்டம், அப்புறம் ஒரு முழங்கை, இப்போது எங்கள் கைப்பேசியில் நாங்கள் மட்டும். எங்களுக்கு முழங்கை இல்லாவிட்டாலும் இ-பாஸ் இருந்தது. 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிற வெளியூர்க்காரர்கள் எடுக்கவேண்டிய பாஸ். வத்தலக்குண்டுக்காரியான நான் எங்கள் மலைக்குச் சோதனைச்சாவடியில் கைப்பேசியை நீட்டிவிட்டுப் போனேன்.

சாக்லெட் வாங்கவில்லை. அத்தைக்கு மலைப்பூண்டு வாங்கினேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. பூம்பாறைப் பக்கம் விளைவது. பல் சிறிது, காரம் பெரிது, நாள்பட இருக்கும். "பரவால்ல, பொழைக்கத் தெரிஞ்சவதான்" என்று அத்தை சொன்னதாக மாமா ரகசியமாகச் சொன்னார்.

அப்புறம் மதுரையில் குடித்தனம். மாசி வீதிப் பாத்திரக்கடையில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டினோம். இப்போது உளி இல்லை. மின்சாரப் பேனா விர்ரென்று ஓடி முடிக்கிறது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரே ஒரு குக்கர். காலையில் அவர் காபி போடுவார், நான் சட்னி அரைப்பேன். குழம்பு தீய்ந்தால் வெளியே சொல்லாமல் தின்றுவிடுவோம். கேட்க யாரும் இல்லாத வீட்டில் தீய்ந்த குழம்புக்குக்கூட ஒரு ருசி வந்துவிடுகிறது.

ஆடி பிறந்தது. அம்மா வந்து என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தலை ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து, தேங்காய்ப்பால் விட்டு ஆடிப்பால் காய்ச்சிக் கொடுத்து, புதுத்துணி எடுத்துக் கொடுத்து, பெண்ணை நிறுத்திக்கொண்டு மாப்பிள்ளையை மட்டும் திருப்பி அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். ஆடிக்கு அழைக்காத மாமியாரை மாப்பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று ஒரு பழமொழியே இருக்கிறது. செருப்பு வருகிற பழமொழி, எல்லாருக்கும் தெரியும். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று காரணம் சொல்வார்கள். மின்விசிறியும் ஆஸ்பத்திரியும் இல்லாத காலத்தில் அதில் நியாயம் இருந்திருக்கும். ஆடிப்பட்டம் விதைக்கிற மாதம் என்பதால் மாப்பிள்ளைக்கு வயலில் வேலை என்பதும் உண்டு. இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை, அப்பத்தா சொன்னாள்: "புது வீட்டுல ரெண்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தவ, ஆத்தாகிட்ட வந்து கொட்டித் தீக்கணும்ல?" எனக்கு அந்தக் காரணம்தான் பொருத்தமாகப் படுகிறது.

என் பிறந்தநாள் ஆடியில். கல்யாணத்துக்கு முன் அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை; ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சுடிதார், ஒரு கேக், முடிந்தது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அர்ச்சகர் கேட்டு நட்சத்திரம் சொல்லப்போய், ஊர் திரும்பியதும் அது அத்தை காதுக்கும் எட்டியது. அவர் வீட்டில் நட்சத்திரப் பிறந்தநாள்தான் கணக்கு. சந்திரன் ஒரு சுற்றுச் சுற்றி அதே நட்சத்திரத்துக்கு வர இருபத்தேழு நாளும் சொச்சமும். ஆடிக்கு முப்பத்தொரு நாள். ஆகவே மாதத் தொடக்கத்தில் வருகிற நட்சத்திரம் கடைசியிலும் ஒருமுறை வந்துவிடும். 2025 ஆடியில் கிருத்திகை ஜூலை 20-இலும் வந்தது, ஆகஸ்ட் 16-இலும் வந்தது. முருகன் கோயில்களிலேயே ஆடிக்கிருத்திகை எது என்று பக்தர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை "ரெண்டாவதுதான் சரி" என்றார். அம்மா முதலாவதை விடுவதாக இல்லை. நடுவில் சான்றிதழ்ப்படி வருகிற ஆகஸ்ட் தேதி. ஒரே மாதத்தில் மூன்று பிறந்தநாள். கட்டிய கணவன் எதற்கு வருவான், எந்த வீட்டுச் சேலையை எதற்குக் கட்டுவது, ஒன்றைக் கொண்டாடினால் மற்றவர் மனசு நோகுமா என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சிரிப்பாக இருக்கும், ஆனால் புதுப்பெண்ணாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த மாதத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா நடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இராசேந்திர சோழனின் பிறந்த நட்சத்திரம். அவன் அப்பன் இராசராசனுக்கு ஐப்பசிச் சதயம். தஞ்சாவூரில் இன்றும் விழா. அரசன் பிறந்தநாளைப் பெருமங்கலமாகக் கொண்டாடியதைத் தொல்காப்பியமே பேசுகிறது. ஆயிரம் வருடம் கழித்தும் அரசனின் நட்சத்திரம் நமக்குத் தெரிகிறது. அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தாவைக் கேட்டேன், உனக்கு எப்போது பிறந்தநாள்? "தை மாசம். அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லு கெடந்துச்சாம்" என்றாள். நட்சத்திரம் தெரியாது, கிழமையும் தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள். வருடம் மட்டும் சொன்னவர்களுக்கெல்லாம் அந்தத் தேதிதான். அப்பாவுக்கு ஜூன் 1. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைக்குமேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச்சொல்லிவிட்டு வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள் என்ற நிலை எங்கள் தலைமுறைக்குத்தான். சாதாரண வீடுகளில் குழந்தைக்கு முதல் வருட நிறைவு, அப்புறம் நேரே அறுபதாம் கல்யாணம். இடையில் வருகிற பிறந்தநாள்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. பெண்களுக்கு அதுவும் இல்லை. கணவனின் அறுபதில் பக்கத்தில் உட்காரலாம், அவ்வளவுதான்.

அது தெரிந்த பிறகு மூன்று பிறந்தநாள் எனக்குத் தொல்லையாகப் படவில்லை. ஜூலை 20 அம்மா வீட்டுக் கணக்கு: பாயசம், கோயில். ஆகஸ்டில் தேதி வந்தபோது அவர் வேலை முடிந்து மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் கேக் பெட்டியோடு வந்தார். முட்டை போடாத கேக். ஆடி மாதத்தில் மாப்பிள்ளை வரலாமா என்று அக்கம்பக்கத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கேக் கொடுத்ததும் அடங்கியது. மெழுகுவர்த்தியை ஊதப்போனேன். அப்பத்தா கையைப் பிடித்துவிட்டாள். "ஏத்துன வெளக்க வாயால ஊதி அமத்துவாளா ஒருத்தி?" ஆகவே அது தானாக எரிந்து முடியும்வரை எல்லாரும் சுற்றி நின்றோம். மெழுகு கேக்கின்மேல் உருகி, அந்தப் பக்கத்தை வெட்டித் தூரப்போடும்படி ஆயிற்று. ஆகஸ்ட் 16 அத்தை கணக்கு: விருதுநகரில் முருகனுக்கு என் பேரில் அர்ச்சனை. மறுநாள் ஆவணி பிறந்தது. அத்தையே பிரசாதத்தோடு வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார்.

காரில் போகும்போது அத்தையிடம் அவருடைய நட்சத்திரத்தைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பங்குனி ரோகிணி. மாமாவுக்கு அது தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. கல்யாணமான முதல் வருடம் எங்கெல்லாம் போனீர்கள் என்றும் கேட்டேன். திருச்செந்தூர், சாத்தூர்ப் பெரியம்மா வீடு, குற்றாலத்தில் ஒரு ராத்திரி என்று ஆரம்பித்தார். சாத்தூரில் விருந்து சாப்பிட்டு வயிறு கெட்டது, குற்றாலத்தில் மாமாவின் செருப்பு போனது என்று திருமங்கலம் தாண்டியும் பேச்சு முடியவில்லை. சினிமா பார்த்து வந்த வழக்கம் என்று சொன்னவர் அவர்தான்.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், அம்மாவோ அத்தையோ இருந்தால், பிறந்த மாதமும் நட்சத்திரமும் என்ன, முதல் வருடத்தில் எந்த ஊருக்கெல்லாம் எந்த வண்டியில் போனார்கள் என்று இந்த வாரமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பரணில் கிடக்கிற பழைய பாத்திரங்களின் கழுத்தையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் அதில் வெட்டியிருக்கும் பெயரையும் வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.